நரையும் உயிர்ச்சத்தும்

உறையூரிலிருந்து ஆண்ட கோப்பெருஞ்சோழனும், பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் வாழ்ந்த ஆந்தையார் என்னும் புலவரும் ஒருவரையொருவர் நேரிற் காணாமலே நட்புப் பூண்டனர். சோழன் வடக்கிருந்தபோது அவனைத் தேடிப் புலவர் வந்து சேர்ந்தார். அவரைக் கண்ட சான்றோர் வியப்புற்றனர். ஆண்டுகள் பல கடந்தவர் என்று அவர்கள் கேள்வியுற்றிருந்த அப்பெரியவரின் தலையில் நரை காணப்படவில்லை. அதற்குக் காரணம் யாது என்று அவர்கள் வினவினர். இல்லத்திலும் நாட்டிலும் ஊரிலும் தமக்குக் கவலை தருவார் ஒருவரும் இல்லாமையே காரணம் என்று அவர் விடையிறுத்தார். இச்செய்தி புறநானூற்றில் இடம் பெற்றுள்ளது.

சான்றோர் கேட்ட அவ்வினா இன்றும் பழமையடையவில்லை. கரிய மயிர் ஏன் வெளுக்கின்றது? கவலையினாலா, முதுமையினாலா, உணவுக் குறைவினாலா? நரையைத் தடுக்க மருந்து உண்டா? இவ்வினாக்களுக்கு அறிவியல் தரும் விடையை அறிந்து கொள்வது வீண் அச்சத்தையும் வீண் செலவையும் போக்கும். அதனினும் முதன்மையான பயன் வேறொன்றும் உண்டு. உடல் நலத்திற்கு இன்றியமையாதவை எவை என்பதையும் அது தெளிவாக்கும்.

மயிரின் இயல்பை முதலில் காண்போம். மனிதர் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தோலுக்குள் அமைந்த மயிர்க்கால் என்னும் சிறு குழியிலிருந்து தோன்றுகின்றது. குழியின் அடியில் உயிருள்ள அணுக்கள் இடைவிடாது பெருகுகின்றன. அவை மேலே தள்ளப்படும்போது கெரட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, உறுதி பெற்று, உயிரிழந்து, இழையாக வெளிவருகின்றன. ஆகவே, தோலுக்கு வெளியே காணப்படும் மயிர் உயிரற்ற பொருளாகும். அதனை வெட்டும்போது வலி தோன்றாமைக்கு இதுவே காரணம். அது மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் வளர்கின்றது.

கெரட்டினுக்குத் தனியே கருநிறம் இல்லை. நிறத்தை ஊட்டுவது மெலானின் என்னும் நிறமியாகும். மயிர்க்காலின் அடியில், இழையை உருவாக்கும் அணுக்களுக்கு அருகிலேயே நிறமி அணுக்கள் அமைந்துள்ளன. நெசவாளர் சேரியில் நூல் நூற்போரும் சாயம் தோய்ப்போரும் அடுத்தடுத்து இருந்து தொழில் செய்வதைப் போன்றது இவ்வமைப்பு. நிறமி அணுக்கள் உணவுப் புரதத்தில் உள்ள டைரோசின் என்னும் பொருளைக் கொண்டு மெலானினை ஆக்குகின்றன. ஆக்கிய நிறமியைச் சிறுசிறு மணிகளாக்கி, வளரும் இழைக்குள் செலுத்துகின்றன. இத்தொழிலுக்குத் துணை புரியும் நொதியில் செம்பு மிகச் சிறிய அளவில் அடங்கியுள்ளது. மெலானினில் இருவகை உண்டு. ஒருவகை கருமையும் பழுப்பும் தரும்; மற்றொருவகை செம்மையும் மஞ்சளும் தரும். உலக மக்களின் மயிர் நிறங்கள் யாவும் இவ்விரண்டின் அளவு வேறுபாட்டால் அமைந்தவையே.

சாயம் தோய்ப்போர் தொழிலை நிறுத்திவிட்டால் நூல் வெண்மையாகவே வெளிவரும் அன்றோ? நரையும் அவ்வாறே தோன்றுகின்றது. நரைத்த மயிரில் வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை. நிறமி இன்மையால் அதன்மேல் படும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகின்றது. அதனால் அது கண்ணுக்கு வெண்மையாகத் தோற்றுகின்றது. நிறமற்ற கண்ணாடியைத் தூளாக்கினால் அது வெள்ளையாகத் தெரிவதும் இத்தன்மையதே. கரிய மயிரும் வெண் மயிரும் கலந்திருக்கும் தலை சாம்பல் நிறமாகக் காட்சி தருகின்றது.

நிறமி அணுக்கள் தொழில் நிறுத்துவது எதனால்? ஒரு மயிர் சில ஆண்டுகள் வளரும். பின் ஓய்வு கொண்டு உதிரும். அதே மயிர்க்காலில் புது மயிர் முளைக்கும். ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் புதிய நிறமி அணுக்கள் வேண்டப்படுகின்றன. அவற்றைத் தருவதற்கென மயிர்க்காலின் மேற்பகுதியில் மூல அணுக்கள் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. விதை நெல் குறையக் குறையச் சாகுபடி சுருங்குவது போல, வயது ஏற ஏற இம்மூல அணுக்கள் குறைந்து, நிறமி அணுக்களும் அருகுகின்றன. 2005ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று இதனைத் தெளிவுபடுத்திற்று. மயிர்க்காலில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்னும் வெளுக்கும் தன்மையுள்ள பொருள் முதுமையில் தேங்கி, நிறமி ஆக்கத்தைத் தடுக்கின்றது என்பதை 2009ஆம் ஆண்டு ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் புலனாகும். வெளிவந்துவிட்ட கரிய மயிர் பின்னர் வெளுப்பதில்லை. வெண்மையாக முளைப்பதே நரையாகும். பிரெஞ்சு நாட்டு அரசி மேரி அந்துவானெத் 1793ஆம் ஆண்டில் கொலைத் தண்டனை பெறுமுன், அவள் தலைமயிர் ஓர் இரவிலேயே நரைத்தது என்று கதை வழங்குகின்றது. உயிரற்ற இழை ஓர் இரவில் நிறம் மாறுதல் இயலாது. நிறமுள்ள மயிர்கள் மட்டும் திடீரெனக் கொத்துக் கொத்தாக உதிரும் நோய் ஒன்று உண்டு. முன்பே கலந்திருந்த வெண் மயிர்கள் எஞ்சி நிற்க, பார்ப்போருக்குத் தலை முழுவதும் சிறிது காலத்தில் நரைத்தது போலத் தோன்றும். இத்தகைய கதைகள் சிலவற்றுக்கு இந்நோய் அடிப்படையாய் இருந்திருக்கலாம்.

நரை தோன்றும் காலத்தைப் பெரும்பாலும் குடிவழியே உறுதி செய்கின்றது. தந்தைக்கோ தாய்க்கோ இளமையில் நரை கண்டிருப்பின், மக்களுக்கும் அவ்வாறு காணுதல் இயல்பு. ஆசிய மக்களுக்குப் பொதுவாக முப்பது வயதின் பிற்பகுதியில் நரை தொடங்குகின்றது. இருபத்தைந்து வயதிற்கு முன் தோன்றுவதை இளநரை என்று மருத்துவர் கருதுவர். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் கோளாறு, இரத்தச் சோகையின் சில வகைகள் ஆகியவற்றாலும் நரை முற்படலாம். புகை பிடிப்போரிடம் அது முந்தித் தோன்றுவதைப் பல ஆராய்ச்சிகள் கண்டுள்ளன.

கவலைக்கும் நரைக்கும் தொடர்பு உண்டா? பிசிராந்தையாரின் விடையை நெடுங்காலம் அறிஞர் கவிதை நயமாக மட்டுமே கொண்டனர். 2020ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் கரிய எலிகளைக் கடுந்துன்பத்திற்கு உட்படுத்தி ஆராய்ந்தனர். அச்சம் வரும்போது உடலைத் தூண்டும் நரம்புகள் மயிர்க்கால்வரை சென்றிருப்பதையும், அவை சுரக்கும் பொருளால் மூல அணுக்கள் ஒருங்கே செலவாகி அழிவதையும் கண்டனர். அவ்வெலிகளின் மயிர் வெண்மையாக முளைத்தது. மனிதர்க்கும் முழுவதும் இவ்வாறே நிகழ்கின்றது என்று இதனால் துணிதல் கூடாது. எனினும், புலவர் கூறிய காரணம் புறக்கணிக்கத் தக்கதன்று என்பது விளங்குகின்றது.

இனி, உணவிற்கும் நரைக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். அதற்கு உயிர்ச்சத்துக்கள் கண்டறியப்பட்ட வரலாறு தெரிதல் வேண்டும். வைட்டமின்கள் என்று மேனாட்டார் வழங்கும் இவற்றின் இருப்பை உலகம் நெடுங்காலம் அறியாதிருந்தது. நெடுந்தொலைவு கடல்வழிச் சென்ற மாலுமிகள் பல்லீறு அழுகி, உடம்பு தளர்ந்து, ஸ்கர்வி என்னும் நோயால் மாண்டனர். 1747ஆம் ஆண்டில் ஜேம்சு லிண்டு என்னும் கப்பல் மருத்துவர், அந்நோயுற்ற பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்தார். ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு வகைப் பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவர் ஆறே நாட்களில் தேறினர். ஆயினும், ஆங்கிலக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லோருக்கும் வழங்க ஆணையிட்டது 1795ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் மாண்டவர் மிகப் பலர்.

சாவகத் தீவில் ஐக்மன் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்து வந்தார். கால் மரத்து, நடை தளர்ந்து, நெஞ்சு நலிந்து மக்களைக் கொல்லும் அந்நோயைக் கிருமியின் விளைவென்றே அனைவரும் நம்பினர். 1890ஆம் ஆண்டையொட்டி அவர் வளர்த்த கோழிகளுக்கும் அது போன்ற நோய் கண்டது. பின்பு தானே நீங்கியது. ஆராய்ந்தபோது செய்தி வெளிப்பட்டது. மருத்துவமனையில் சமைத்து மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகள் உண்டிருந்தன. புதிய சமையற்காரர் அதனைக் கோழிக்கு இட மறுத்தபின், தீட்டாத அரிசி அவற்றிற்குக் கிடைத்தது. தவிட்டோடு வெளியே எறியப்பட்ட ஒரு பொருளே உயிர் காத்தது! இப்பொருளுக்கு இன்று தயமின், அதாவது பி1 என்று பெயர். இத்தகைய பொருள்களுக்கு 1912ஆம் ஆண்டில் காசிமிர் பங்க் என்னும் அறிஞர் இட்ட பெயரிலிருந்தே வைட்டமின் என்னும் சொல் வந்தது. ஐக்மன் 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றார்.

தமிழ்நாட்டு இல்லங்களில் நெடுநாளாக வழங்கும் புழுங்கலரிசியின் சிறப்பும் இவ்வாராய்ச்சியால் விளங்கிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊறிச் சேர்கின்றது. ஆதலால் தீட்டிய பின்னும் அது முழுவதும் நீங்குவதில்லை. நீலகிரியிலுள்ள குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவர் 1920க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் இந்தியாவின் பல பகுதி மக்களது உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தார். முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி ஆகியவற்றை உண்ட எலிகள் நன்கு கொழுத்தன. பாலும் காய்கறியும் குறைந்து அரிசியே மிகுந்த உணவை உண்டவை மெலிந்து நோயுற்றன. ஒரே தானியத்தை நம்பி வாழ்தல் தீது என்பது இதன் கருத்தாகும்.

உயிர்ச்சத்துக்கள் பதின்மூன்று. ஏ, சி, டி, ஈ, கே என ஐந்தும், பி என்னும் குடும்பத்தைச் சேர்ந்த எட்டும் அவை. இவை சோற்றைப் போல உடலுக்கு ஆற்றல் தருவனவல்ல; புரதத்தைப் போல உடலை வளர்ப்பனவுமல்ல. உடலில் நிகழும் எண்ணற்ற வேலைகள் முறையாக நடைபெறத் துணை நிற்பனவே இவை. வேண்டும் அளவோ மிகச் சிறிது. ஒரு கிராமைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் இரண்டு மூன்று கூறு பி12 ஒரு நாளைக்குப் போதும். ஆனால், அச்சிற்றளவும் நெடுநாள் கிடையாதொழியின் இரத்தமும் நரம்பும் கெடும். பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி எவ்வளவு இன்றியமையாததோ, உடலுக்கு உயிர்ச்சத்து அவ்வளவு இன்றியமையாதது.

1940ஆம் ஆண்டையொட்டி ஆராய்ச்சிக் கூடங்களில் ஒரு புதுமை காணப்பட்டது. பி குடும்பத்தைச் சேர்ந்த பாந்தோதெனிக் அமிலம் என்னும் சத்தை நீக்கிய உணவை உண்ட கரிய எலிகள் நரைத்தன. அச்சத்தை மீண்டும் கொடுத்தபோது அவற்றின் மயிர் கருத்தது. நரைக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று பலர் மகிழ்ந்தனர். மாத்திரைகளும் கடைக்கு வந்தன. ஆனால், மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெரும்பாலோரின் நரை மாறவில்லை. எலிகளின் நரை சத்துக் குறைவால் வந்தது. முதியோரின் நரையோ மூல அணுக்கள் தீர்ந்ததால் வந்தது. நீரின்றி வாடிய பயிர் நீர் பாய்ச்சினால் தளிர்க்கும். விதையே இல்லாத வயலில் எவ்வளவு நீர் பாய்ச்சினும் என்ன முளைக்கும்?

எனினும், சத்துக் குறைவால் வரும் நரை மனிதரிடத்தும் இல்லாமல் இல்லை. பி12 குறைந்தாரிடம் இளநரை காணப்படுவதுண்டு. குறையை நீக்கியபின் மயிர் மீண்டும் கருத்ததும் உண்டு. ஆனால், அவர்களுக்கு நரை சிறு குறியே. உண்மை இடர் உள்ளே இருக்கின்றது. வயிற்றில் அச்சத்தை ஈர்க்கத் துணை செய்யும் பொருள் சுரவாத ஒருவகை இரத்தச் சோகை, முன்னாளில் தப்பாமல் உயிரைப் பறித்தது. 1926ஆம் ஆண்டில் மைனாட்டு, மர்பி என்னும் அமெரிக்க மருத்துவர்கள் நாள்தோறும் ஈரலை மிகுதியாக உண்ணச் செய்து நோயாளிகளைப் பிழைக்க வைத்தனர். ஈரலில் இருந்த அரிய பொருளை 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தனியே பிரித்தெடுத்தனர். அதுவே பி12 ஆகும்.

இரத்தத்திற்கு இன்றியமையாத மற்றொரு சத்து போலிக் அமிலம். பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களை வருத்திய சோகை நோயை லூசி வில்சு என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் ஆராய்ந்தார். ஈசுட்டுச் சாறு அந்நோயைப் போக்குவதை 1931ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தார். அதிலுள்ள சத்து எதுவென்று அன்று தெரியவில்லை. அதனைச் செயற்கையாக ஆக்கும் வழியை 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட அமெரிக்க ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். அவர் ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895ஆம் ஆண்டில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். உடல் சத்தை ஈர்க்கவொட்டாது வற்றச் செய்யும் குடல் நோய்க்கு உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தவர். அந்நோயால் தாமும் வருந்தியவர். தம் குடும்பத்தைக் கலங்க வைத்த நோய்க்கு மருந்தாகிய சத்தை உலகிற்கு அளிக்கும் பேறு அவருக்குக் கிட்டியது.

இச்சத்துக்கள் கிடைக்கும் இடங்கள் அரியனவல்ல. மாலைக்கண் நோய் வராமல் காக்கும் ஏ சத்திற்கு முருங்கைக்கீரை, முளைக்கீரை, பப்பாளி, மாம்பழம், பால், முட்டை ஆகியவை உதவும். போலிக் அமிலம் கீரையிலும் பயறு வகைகளிலும் உண்டு. நெல்லிக்காயும் கொய்யாவும் சி சத்தை நிரம்பத் தருவன. வெயிலொளி தோலின்மேல் படும்போது டி சத்து உடலிலேயே உண்டாகின்றது. பி12 மட்டும் செடி கொடிகளில் கிடைப்பதன்று. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் அமைந்துள்ளது. ஆதலின், மரக்கறி உண்போர் பாலையும் தயிரையும் விலக்கலாகாது. அவற்றையும் விலக்குவோர் மருத்துவர் கூறும் வழியில் அச்சத்தைப் பெறுதல் வேண்டும். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கொட்டுவதாலும், காய்கறியை அரிந்தபின் நெடுநேரம் நீரில் ஊறவைப்பதாலும் நீரிற் கரையும் சத்துக்கள் வீணாகின்றன.

அளவிற்கு மிஞ்சுவதும் தீதே. வடகோடிப் பனிநிலத்தில் சிக்கிய டச்சு மாலுமிகள் 1597ஆம் ஆண்டில் பனிக்கரடியின் ஈரலை உண்டு கடுமையாக நோயுற்றனர்; அவர்களுள் மூவர்க்கு உடம்பெங்கும் தோல் உரிந்தது. அவ்வீரலில் ஏ சத்து அளவிறந்து செறிந்திருப்பது பின்னாளில் அறியப்பட்டது. ஏ, டி போன்ற சத்துக்கள் கொழுப்பில் கரைந்து உடலில் தங்கிவிடுவன. ஆகவே, மருத்துவர் கூறாமல் மாத்திரைகளை அள்ளி விழுங்குதல் அறியாமையாகும்.

பள்ளியில் பயிலும் ஒருவன் தலையில் நான்கு வெண் மயிர் தோன்றினால், உடன் பயில்வோர் அவனைக் கிழவன் என்று எள்ளுவர். அவனும் நாணி, விளம்பரங்களில் கண்ட எண்ணெய்களுக்கெல்லாம் பெற்றோர் பொருளைச் செலவிடுவான். அவனுடைய நரை பெரும்பாலும் பாட்டனிடமிருந்து வந்த குடிவழிச் சொத்தே. அதில் நாணத்தக்கது ஒன்றும் இல்லை. அதே வகுப்பில், மாலையில் பார்வை மங்கும் மற்றொருவன் இருக்கலாம். சிறிது தொலைவு நடந்தாலும் மூச்சு வாங்கி, உதடு வெளிறி, கை கால் மரத்துப் போகும் பெண் ஒருத்தி இருக்கலாம். அவர்களுடைய குறை கண்ணுக்குப் புலனாகாமையால் ஒருவரும் அதனைப் பேசுவதில்லை. அஞ்சத்தக்கது அதுவே, உடனே மருத்துவரிடம் காட்டத்தக்கதும் அதுவே. உரிய காலத்தில் அறிந்தால் அதனைப் பெரும்பாலும் எளிதில் போக்கலாம்.

நரை வருவதை எவராலும் முற்றும் தடுக்க இயலாது. உடலை நலத்துடன் வைத்திருக்க முயலுதல் எவர்க்கும் இயலும். பலவகை உணவு, வெயிலும் காற்றும் படும் விளையாட்டு, நல்ல உறக்கம், புகையும் மதுவும் நீங்கிய ஒழுக்கம் ஆகியவை அதற்குத் துணையாவன. ஒருவர்க்கொருவர் கவலை விளைக்காமல் வாழும் இல்லமும் ஊரும் அவற்றோடு சேர்தல் வேண்டும். பிசிராந்தையார் தம் தலையைக் கேட்டவர்க்குத் தம் ஊரைக் காட்டினார். ஒருவர் உடல்நலம் அவரைச் சூழ வாழ்வோரின் பண்பையும் பொறுத்தது என்பதை அவ்விடை இன்றும் உணர்த்தி நிற்கின்றது.